கத்தி பட்ட காலுடன் 26 மைல் ஓடினார்!

1984-ம் ஆண்டு, மார்ச் மாதம் 16-ந் தேதி.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ளது மெய்ன் மாநிலம். அங்கே ஒரு சாலையில் ஓர் இளம்பெண் ஓடிக்கொண்டிருந்தார். சிறிய உருவம். வயது 26.

அன்று அவர் ஓட வேண்டிய தூரம் 20 மைல். 17 மைல் ஓடியாகிவிட்டது. இன்னும் மூன்றே மைல்தான் பாக்கி.

திடீரென்று வலது முழங்காலுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. "சுரீர்" என்று வலித்தது. அடுத்த அடி எடுத்து வைக்கப் பார்த்தார். கால் மடங்க மறுத்தது. பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது.

அவரும் நின்றார். மீதி வழியை நொண்டிக்கொண்டே நடந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜோன் பெனாய்ட். அப்போது உலகத்திலேயே மிக வேகமாக மாரத்தான் ஓடிய பெண் அவர்தான்!

"மாரத்தான்" என்பது 26 மைல் 385 கெஜம் ஓடும் பந்தயம். இன்றைய கணக்கில் 42 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். காலையில் புறப்பட்டு நடந்தால், பொழுது சாயும் நேரத்தில்தான் போய்ச் சேர முடியும். அவ்வளவு தூரத்தை 1983-ம் ஆண்டு பாஸ்டன் நகரத்தில் ஜோன் 2 மணி 22 நிமிடம் 43 வினாடியில் ஓடி முடித்தார். அதற்கு முன் இருந்த சாதனையைவிட இது 2 நிமிடம் 46 வினாடி குறைவு.

அப்படிப்பட்டவரின் கால்தான் நடுவழியில் நின்றுவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்!

88 ஆண்டு காத்திருந்த பந்தயம்

ஒலிம்பிக் பந்தயம் 1896-ம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் மீண்டும் தொடங்கியது. அன்று முதலே ஆண்களுக்கு மாரத்தான் உண்டு. பெண்களுக்கு இல்லை.

1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களை 800 மீட்டர் ஓட விட்டார்கள். ஓடி முடித்த சிலர் களைத்துப் படுத்தார்கள். ஓடியவர்கள் களைப்பது இயற்கைதானே! ஆனால் பத்திரிகைகள் அதைப் பெரிதாக்கி எழுதின. "பெண்களின் உடம்பு இதைத் தாங்காது" என்று பலர் சொன்னார்கள். அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-ம் ஆண்டில்தான்.

1966-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஒரு பெண் புதருக்குள் ஒளிந்திருந்தார். ஆண்கள் ஓடத் தொடங்கியதும் அவரும் கூட்டத்தில் கலந்து ஓடினார். அவர் பெயர் பாபி கிப். அடுத்த ஆண்டு காத்ரின் சுவிட்சர் என்ற பெண் முறைப்படி எண் வாங்கி ஓடினார். பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து, அவர் சட்டையில் இருந்த எண்ணைப் பிடித்து இழுத்தார்!

இப்படி எல்லாம் இருந்த பிறகு, 1981-ம் ஆண்டில்தான் ஒலிம்பிக் கமிட்டி இறங்கி வந்தது. "1984-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் மாரத்தான் உண்டு" என்று முடிவு செய்தது.

அந்த முதல் பந்தயத்தில் ஓட வேண்டும் என்பதுதான் ஜோனின் ஆசை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அமெரிக்காவில் தேர்வு ஓட்டம் நடக்கும். அதில் முதல் மூன்று இடங்களில் வரும் பெண்கள் மட்டுமே ஒலிம்பிக் போகலாம். உலக சாதனை படைத்தவர் என்பதற்காகச் சலுகை கிடையாது. உடம்பு சரியில்லை என்றாலும் சலுகை கிடையாது.

தேர்வு நாள் மே மாதம் 12-ந் தேதி.

முழங்கால் நின்றுபோன நாளில் இருந்து அதற்கு எட்டு வாரம்தான் இருந்தது.

பூப் பார்க்கும் பெண்

ஜோனுக்குக் கால் வலி புதிது அல்ல. அவர் ஓட வந்ததே கால் முறிந்ததால்தான்!

மெய்ன் மாநிலத்தில் கேப் எலிசபெத் என்ற கடலோர ஊரில் 1957-ம் ஆண்டு பிறந்தவர் ஜோன். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் விளையாட்டு அவருக்கு உயிர். பள்ளியில் படிக்கும்போது ஒரு நாள் சறுக்கி வரும் வேகத்தில் விழுந்தார். கால் முறிந்தது.

கால் கூடிய பிறகு, அதற்குப் பலம் ஏற்றுவதற்காக ஓட ஆரம்பித்தார்.

ஆனால் வெட்கம்! அந்தக் காலத்தில் பெண்கள் சாலையில் ஓடுவது அங்கேயும் வழக்கம் இல்லை. கார் வரும் சத்தம் கேட்டால் ஜோன் ஓட்டத்தை நிறுத்திவிடுவார். சாலையோரத்துப் பூக்களைப் பார்ப்பதுபோல் நடிப்பார். கார் போனதும் மறுபடி ஓடுவார்.

அந்தப் பூப் பார்க்கும் பெண்தான், 1979-ம் ஆண்டு கல்லூரி மாணவியாக இருக்கும்போதே பாஸ்டன் மாரத்தானில் பெண்களில் முதலாவதாக வந்தார்.

1981-ம் ஆண்டு மறுபடியும் சோதனை. இரண்டு குதிகால் தசைநாண்களும் கெட்டுப்போயின. இரண்டிலும் ஆபரேஷன் நடந்தது. அதில் இருந்து தேறி வந்துதான் 1983-ம் ஆண்டு உலக சாதனை படைத்தார்.

இப்போது மூன்றாவது சோதனை.

ஊசி தந்த ஏமாற்றம்

ஜோன் டாக்டரிடம் போனார். டாக்டர் முழங்காலில் "கார்ட்டிசோன்" என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். இது வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. வலி போய்விட்டது. ஜோனுக்கு நிம்மதி. மறுபடி ஓட ஆரம்பித்தார்.

ஆனால் நடந்தது என்ன?

சில வாரங்களில் கால் மறுபடியும் பூட்டிக்கொண்டது. ஊசி வலியைத்தான் அடக்கியது. வலியை உண்டாக்கிய காரணம் உள்ளேயே இருந்தது.

ஏப்ரல் மாதம் ஜோன் நாட்டின் மறு கோடிக்குப் பயணமானார். மேற்கே ஓரெகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊர் இருக்கிறது. ஓட்டக்காரர்களின் ஊர் என்று அதற்குப் பெயர். அங்கே ஸ்டான் ஜேம்ஸ் என்ற எலும்பு டாக்டர் இருந்தார். ஓட்டக்காரர்களின் கால்களைப் பார்ப்பதில் அவர் பேர்பெற்றவர்.

தேர்வு நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஆபரேஷன் செய்துகொள்வதா, வேண்டாமா?

செய்துகொள்ளாவிட்டால், பந்தயத்தின் நடுவில் கால் பூட்டிக்கொள்ளும். 17-வது மைலில் நின்றதை அவரே அனுபவித்திருக்கிறார். அப்படி நின்றால் ஒலிம்பிக் போய்விடும்.

செய்துகொண்டால், புண் ஆறுவதற்குள் தேர்வு நாள் வந்துவிடும். அப்போதும் ஒலிம்பிக் போய்விடும்.

இரண்டு பக்கமும் பயம்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. முதல் வழியில், கோளாறு காலுக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது வழியில், கோளாறு போய்விடும். மிச்சம் இருப்பது புண் மட்டுமே.

ஜோன் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

சிறு துளை வழியே

ஏப்ரல் 25-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. தேர்வுக்கு இன்னும் 17 நாட்கள்!

முன்பெல்லாம் முழங்காலில் கோளாறு என்றால், மூட்டை அகலமாகத் திறந்துதான் பார்ப்பார்கள். ஆறுவதற்குப் பல வாரம் ஆகும். ஜோனுக்குச் செய்தது வேறு முறை. மூட்டின் பக்கத்தில் சிறு துளை போடுவார்கள். பென்சில் போன்ற மெல்லிய குழாயை அதன் வழியே உள்ளே விடுவார்கள். குழாயில் விளக்கும் கண்ணாடி வில்லையும் இருக்கும். டாக்டர் அதன் மூலம் உள்ளே பார்ப்பார். இன்னொரு துளை வழியாகச் சின்னஞ்சிறு கருவியை விட்டு, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுப்பார்.

ஜோனின் முழங்காலுக்குள் இருந்தது என்ன?

நம் முழங்கால் மூட்டின் உள்புறத்தில் மெல்லிய சவ்வு இருக்கிறது. அது சில இடங்களில் மடிந்து இருக்கும். பலருக்கும் உள்ளதுதான். ஓயாமல் காலை மடக்கி நீட்டும்போது சிலருக்கு அந்த மடிப்பு உரசித் தடித்துப்போகும். நார் போல் இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு அடிக்கும் அது எலும்பில் சிக்கும். ஜன்னல் கதவில் திரைச்சீலை மாட்டிக்கொண்டால் கதவு எப்படி நகராதோ, அப்படிக் கால் நின்றுவிடும்.

ஜோனை நிறுத்தியது இந்த நார்தான். டாக்டர் ஜேம்ஸ் அதை வெட்டி எடுத்தார்.

கையால் மிதித்த சைக்கிள்

ஆபரேஷன் ஆனவர் என்ன செய்வார்? படுத்திருப்பார். ஜோன் படுத்திருக்கவில்லை. அதற்காக, உடனே எழுந்து ஓடவும் இல்லை.

கால்தான் ஓய்வு எடுக்க வேண்டும். கைகளுக்கு என்ன? உடற்பயிற்சி சைக்கிளின் மிதிகளைக் கைகளால் சுற்றினார். மூச்சு வாங்கும்வரை சுற்றினார். ஓட்டக்காரருக்குக் கால் பலம் மட்டும் போதாது. இதயமும் நுரையீரலும் பழக்கத்தில் இருக்க வேண்டும். சில நாள் சும்மா இருந்தாலும் அந்தப் பழக்கம் குறையத் தொடங்கும். அதைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு வாரம் ஆவதற்குள் காலும் ஓடத் தயாராகிவிட்டது. ஜோன் ஓட ஆரம்பித்தார். முழங்கால் பூட்டிக்கொள்ளவில்லை! மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கத்தி பட்ட முழங்காலுக்கு இடம் கொடுத்து, கோணலாக ஓடியிருக்கிறார். அதனால் தொடையின் பின்புறத் தசை இழுத்துக்கொண்டது! ஓர் இடத்து வலியை மறைக்கப் போனால், இன்னோர் இடத்தில் வலி முளைக்கும். அவசரத்துக்குக் கிடைத்த கூலி அது.

தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. மின்சாரத்தால் தசைக்கு வைத்தியம் செய்யும் கருவியைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் அந்தச் சிகிச்சை நடந்தது.

தசை இளகியது. ஜோன் தேர்வுக்குப் புறப்பட்டார்.

17-வது நாள்

மே 12-ந் தேதி. வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்ற ஊர். ஒலிம்பிக் தேர்வு நடந்த ஊரின் பெயரே ஒலிம்பியா!

பந்தயம் தொடங்கியது. ஜோன் வேண்டியது முதல் இடம் அல்ல. மூன்றாவதாக வந்தாலே போதும். ஆனால் பின்னால் ஓடி, கடைசியில் முந்துவது அவருக்குத் தெரியாத வித்தை. முன்வரிசையிலேயே ஓடினார்.

பாதி தூரம் கடந்தது. ஜோன் தனியாக முன்னே போய்விட்டார்.

17-வது மைலும் வந்தது. மெய்னில் கால் பூட்டிக்கொண்டது இதே தூரத்தில்தான். இப்போது கால் நிற்கவில்லை. மடங்கியது, நீண்டது, மறுபடி மடங்கியது.

கடைசி மைல்களில் கால்கள் கனத்தன. வேகம் குறைந்தது. வேண்டிய பயிற்சி இல்லாத உடம்பு. ஆறி முடியாத புண். பின்னால் ஜூலி பிரவுன் என்ற வீராங்கனை வந்துகொண்டிருந்தார். ஆனாலும் ஜோன் விடவில்லை.

2 மணி 31 நிமிடம் 4 வினாடியில் முதல் ஆளாக எல்லையைத் தொட்டார். ஜூலி பிரவுன் வந்தது 37 வினாடி கழித்து.

ஆபரேஷன் நடந்து 17 நாட்கள்தான் ஆகியிருந்தன!

தம் வாழ்க்கையில் ஓடிய பந்தயங்களிலேயே பெரியது இதுதான் என்று ஜோன் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

ஆள் இல்லாத நெடுஞ்சாலை

ஆகஸ்ட் 5-ந் தேதி காலை 8 மணி. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சாந்தா மோனிகா என்ற இடத்தில் 28 நாடுகளைச் சேர்ந்த 50 பெண்கள் நின்றார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடும் முதல் மாரத்தான்!

எல்லோருடைய கண்ணும் நார்வே நாட்டு கிரேட்டே வைட்ஸ் மேல் இருந்தது. பெரிய போட்டிகளில் அவரை வெல்வது கடினம் என்று பெயர்.

ஏறக்குறைய மூன்று மைல் ஆனதும் ஜோன் கூட்டத்தைவிட்டு முன்னே போனார். மற்றவர்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள். ஜோன் ஒதுங்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார்.

"வெயில் ஏறப் போகிறது. இவர் களைத்துவிடுவார். பிறகு பிடித்துக்கொள்ளலாம்" என்று மற்றவர்கள் எண்ணினார்கள்.

ஆனால் ஜோன் களைக்கவில்லை. வண்டிகளை நிறுத்திவிட்டதால் வெறிச்சோடிக் கிடந்தது நெடுஞ்சாலை. அதில் வெள்ளைத் தொப்பியுடன் தனியாக ஓடினார். ஒரு காலத்தில் கார் வந்தால் நின்றுவிடுவாரே, அந்தப் பெண்ணுக்காக அன்று கார்கள் எல்லாம் நின்றன!

விளையாட்டு அரங்கத்துக்குள் நுழைய ஒரு சுரங்கப்பாதை. அதைத் தாண்டியதும் பல்லாயிரம் பேரின் ஆரவாரம் காதைப் பிளந்தது. தொப்பியைக் கழற்றி அசைத்தபடி ஓடி முடித்தார் ஜோன். நேரம் 2 மணி 24 நிமிடம் 52 வினாடி. கிரேட்டே வைட்ஸ் 1 நிமிடம் 26 வினாடி கழித்து வந்து இரண்டாம் இடம் பெற்றார். போர்ச்சுகல் நாட்டு ரோசா மோட்டாவுக்கு மூன்றாம் இடம்.

தள்ளாடி வந்த பெண்

அதே அரங்கத்துக்குள் பிறகு இன்னொரு பெண் நுழைந்தார். சுவிட்சர்லாந்து நாட்டு கேப்ரியேலா ஆண்டர்சன். வெயில் அவரைத் தாக்கிவிட்டது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கால்கள் பின்னின. பார்த்தவர்கள் பதறினார்கள்.

யாராவது தொட்டுத் தாங்கினால், அவர் பந்தயத்தில் இருந்து விலக்கப்படுவார். டாக்டர்கள் அருகில் வந்து உற்றுப் பார்த்தார்கள். அவருக்கு இன்னும் வியர்வை வந்துகொண்டிருந்தது. உடம்பு தன்னைத்தானே குளிர வைக்கிறது என்பதற்கு அது அடையாளம். அதனால் விட்டுவிட்டார்கள். கடைசி ஒரு சுற்றுக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. 37-வது ஆளாக எல்லையைத் தாண்டி விழுந்தார். சிகிச்சைக்குப் பிறகு அவர் தேறிக்கொண்டார்.

1928-ம் ஆண்டாக இருந்தால், இதையே காரணம் காட்டிப் பந்தயத்தை எடுத்திருப்பார்கள். இந்தத் தடவை எடுக்கவில்லை. ஓடிய 50 பேரில் 44 பேர் ஓடி முடித்திருந்தார்கள். அன்று முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு மாரத்தான் நடக்கிறது.

உங்களுக்கு வலி வந்தால்?

ஜோனின் கதையைப் படித்துவிட்டு, "வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டும்" என்று நினைத்துவிடாதீர்கள். அவர் செய்தது அது அல்ல. கால் பூட்டிக்கொண்டதும் நின்றார். டாக்டரிடம் போனார். காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகுதான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

வலியில் இரண்டு விதம் உண்டு.

புதிதாக ஓடினாலோ, பளு தூக்கினாலோ தசை வலிக்கும். சில நாட்களில் தானாகவே குறையும். இதற்குப் பயப்பட வேண்டியது இல்லை.

மூட்டில் வலி, வீக்கம், கால் பூட்டிக்கொள்ளுதல், ஒரே இடத்தில் நாளுக்கு நாள் கூடும் வலி, நொண்டி நடக்க வைக்கும் வலி: இவை வேறு. இவை வந்தால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை போட்டு வலியை அடக்கிவிட்டு ஓடுவது ஆபத்து.

17 நாளில் பந்தயம் ஓடியதையும் அப்படியே பின்பற்றக் கூடாது. அவர் பல ஆண்டு பயிற்சி பெற்றவர். பக்கத்திலேயே வைத்தியர்கள் இருந்தார்கள். அப்படி இருந்தும் அவசரத்தில் தசை இழுத்துக்கொண்டதே! மற்றவர்கள் டாக்டர் சொல்லும் நாள்வரை பொறுத்திருப்பதுதான் நல்லது. அதுவரை, வலி இல்லாத உறுப்புகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். கையால் சைக்கிள் சுற்றிய ஜோனிடம் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

அதே ஊரில்...

அந்த முழங்கால் பிறகு என்ன ஆயிற்று?

1985-ம் ஆண்டு சிக்காகோவில் ஜோன் 2 மணி 21 நிமிடம் 21 வினாடியில் மாரத்தான் ஓடினார். 2003-ம் ஆண்டுவரை அமெரிக்கப் பெண் எவரும் அந்த நேரத்தை முறியடிக்கவில்லை.

2008-ம் ஆண்டு, 50 வயதில், மறுபடியும் ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் கலந்துகொண்டார். வெற்றிக்காக அல்ல. ஓட வேண்டும் என்ற ஆசைக்காக. 2 மணி 49 நிமிடத்தில் முடித்தார். 2019-ம் ஆண்டு, 61 வயதில், பாஸ்டனில் 3 மணி 4 நிமிடத்தில் ஓடினார். முதன்முதலில் அங்கே வென்று 40 ஆண்டு ஆனதைக் கொண்டாடத்தான் அந்த ஓட்டம்.

1998-ம் ஆண்டு, பிறந்த ஊரான கேப் எலிசபெத்தில் 10 கிலோ மீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றை ஜோன் தொடங்கினார். கடற்கரையில் தொடங்கி, கலங்கரை விளக்கத்தில் முடியும் பந்தயம் அது. ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானவர்கள் அதில் ஓட வருகிறார்கள்.

அந்த ஊர்ச் சாலையில்தான் ஒரு சிறுமி, கார் வந்ததும் பூவைப் பார்ப்பதுபோல் நின்றாள். இப்போது அங்கே ஓடும் சிறுமிகள் யாரும் நிற்பது இல்லை.